பையன் மிலிட்டரி ஜெனரேட்டரே கதின்னு கெடக்கான், என்ன பண்றதுன்னு கேட்ட அம்மாவுக்கு

வணக்கம்மா. நீங்க எழுதினதை முழுசா படிச்சேன். அமெரிக்காவுல இருக்கீங்க, பையன் பதினோராம் கிளாஸ், அந்த ஊர் ராணுவம் கழிச்சுவிட்ட ஜெனரேட்டர் ஒண்ணை அவங்க மாமா ஏலத்துல எடுத்துக் குடுத்திருக்காரு, சனி ஞாயிறு வந்தா பூரா நேரமும் அதுலயே கெடக்கான், கம்ப்யூட்டர் சயின்ஸ்னு பேச்செடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுறான், இதை எப்படி நிப்பாட்டுறதுன்னு கேட்டிருக்கீங்க. நிப்பாட்டாதீங்கன்னுதான் நான் சொல்வேன். ஆனா அவன் போக்குல விட்டுடவும் கூடாது, இதுக்கு ஒரு வழி போட்டுக் குடுக்கணும், அதைத்தான் எழுதுறேன்.

முதல்ல அந்த மெஷின் என்னன்னு தெரிஞ்சுக்கோங்க. நீங்க சொன்ன எம்இபி-803ஏ 10 கிலோவாட் டீசல் செட், நாலு சிலிண்டர், தண்ணியில கூல் ஆகுற இன்ஜின், ஆயிரம் பவுண்டுக்கு மேல வெயிட். ஸ்டார்ட்டிங்குக்கு 24 வோல்ட், ரெண்டு 12 வோல்ட் பேட்டரியை சீரியல்ல போட்டிருப்பாங்க. அவன் இதை ரிப்பேர் பண்றான்னா டீசல் மெக்கானிக் வேலையும் எலக்ட்ரீஷியன் வேலையும் சேர்த்துக் கத்துக்கிறான்னு அர்த்தம். இந்த ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கிறது கம்மி, இந்த ஃபீல்டுல அதுக்குத்தான் மதிப்பு.

அவனுக்கு இதுல நெஜமாவே கை இருக்கா, இல்ல வெறும் ஆசையான்னு நீங்களே கண்டுபிடிக்கலாம். ஏதாவது பார்ட் மாத்தினான்னா "ஏன்பா இதை மாத்தின?"ன்னு மட்டும் கேளுங்க. "எல்லாரும் இதுதான் போகும்னு சொன்னாங்க"ன்னு சொன்னா இன்னும் கத்துக்கணும். "இந்த எடத்துல 24 வோல்ட் வரணும், வரல, அதுக்கு முன்னாடி ரிலேல, அதாவது கரண்ட்ல இயங்குற ஸ்விட்ச்ல வருது, நடுவுல வயர் கட்"னு சொன்னான்னா அந்தப் பையனை நம்பி பணம் செலவு பண்ணலாம்.

ஒரு உதாரணம் சொல்றேன். செல்ஃப் நல்லா அடிக்குது, இன்ஜின் ஸ்டார்ட் ஆகல. அவசரக்காரன் உடனே டீசலை உள்ள பீச்சுற இன்ஜெக்டரைக் கழட்டுவான். ஆனா டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் கெடையாது, டீசல் வரணும், காத்து வரணும், உள்ள அழுத்தம் இருக்கணும், அவ்வளவுதான். அதனால முதல்ல எக்ஸாஸ்ட்ல புகை வருதான்னு பாக்கணும். கொஞ்சம்கூட புகையே வரலன்னா டீசல் உள்ளயே போகல. ஸ்விட்சை ப்ரைம் பொசிஷன்ல, அதாவது ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டீசலை ஏத்துற எடத்துல வெச்சுட்டு காதைக் குடுத்தா பம்ப் ஓடுற சத்தம் கேக்கணும், கேட்டா அடுத்து டீசல் வழியைத் திறந்து விடுற ஃப்யூயல் சாலினாய்டு இழுக்குதான்னு பாக்கணும், அதுவும் சரியா இருந்தா ஃபில்டர், ஏர் லாக் (டீசல் பைப்புல காத்து அடைச்சுக்கிறது)னு ஒவ்வொண்ணா வரணும். நெறைய கேஸ்ல வருஷக்கணக்கா டேங்க்ல கெடந்த பழைய டீசல்தான் காரணமா இருக்கும்.

இன்னொண்ணு, லோடு போட்டதும், அதாவது கரண்ட் இழுக்குற சாமான்களை மாட்டினதும், கரண்ட் டல் அடிக்குது. இதுல ரொம்பப் பேர் நேரா வோல்டேஜை ஒரே அளவுல வெக்கிற ரெகுலேட்டர் வாங்கி காசை விடுறாங்க. மீட்டர்ல ஹெர்ட்ஸை, அதாவது கரண்ட் ஒரு செகண்டுக்கு எத்தனை சுத்து போகுதுங்கிறதை, முதல்ல பாக்கணும். இந்த செட் 1800 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 1800 சுத்து) ஓடினா 60 ஹெர்ட்ஸ், அது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கட்டிப்போட்டது. லோடு ஏறும்போது ஹெர்ட்ஸும் சேர்ந்து 55-க்கு எறங்குதுன்னா இன்ஜினுக்கு மூச்சு வாங்குது, வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னர், ஃபில்டர் பக்கம் போகணும். ஹெர்ட்ஸ் 60-லயே நிக்குது, வோல்டேஜ் மட்டும் விழுதுன்னாதான் ரெகுலேட்டர், கரண்ட் உண்டாக்குற ஆல்டர்னேட்டர் பக்கம் வரணும். இந்த ஒரு பிரிவினையை உங்க பையன் தானா சொன்னான்னா எனக்கு எழுதுங்க, ரொம்ப சந்தோஷப்படுவேன்.

ராணுவத்தோட டெக்னிக்கல் மேனுவலை அவன் படிக்கிறானான்னும் பாருங்க. நம்பர் கடைசில 10-ன்னு முடியுறது ஓட்டுறவங்களுக்கு, 24-ன்னு முடியுறது ரிப்பேர் பண்றவங்களுக்கு. ஒவ்வொரு கோளாறுக்கும் எதை முதல்ல பாக்கணும், அடுத்து எதைன்னு வரிசையா போட்டிருப்பாங்க, வயரிங் படமும் இருக்கும். அந்தப் படத்தைப் படிக்கத் தெரிஞ்சவன் நாளைக்கு எந்த கம்பெனி ஜெனரேட்டர் முன்னாடி நின்னாலும் தடுமாற மாட்டான்.

இப்ப நீங்க கண்டிப்பா இருக்க வேண்டிய விஷயம், இதுல நான் கொஞ்சம்கூட விட்டுக்குடுக்க மாட்டேன். கராஜுக்குள்ள இன்ஜின் ஓடவே கூடாது, கதவைத் திறந்து வெச்சாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கெடையாது, தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும். வீட்டுல இருந்து 20 அடியாவது தள்ளி வெச்சு, புகை வீட்டைப் பாக்காம திருப்பி வெச்சுதான் ஓட்டணும். வீட்டு லைனோட சேக்குறதா இருந்தா வெளி லைனும் ஜெனரேட்டரும் ஒண்ணா சேராம பாத்துக்குற டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் வேணும், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வந்து போடணும், இல்லாட்டி கரண்ட் திரும்பி வெளி லைன்ல ஏறி கம்பத்துல வேலை பாக்குறவர் உயிருக்கே ஆபத்தாயிடும். அப்புறம் பேனல்ல பேட்டில் ஷார்ட்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதைப் போட்டா ஆயில் பிரஷர் கொறஞ்சாலும் சூடு ஏறினாலும் மெஷின் தானா நிக்காது, போர்க்களத்துக்குன்னு வெச்சது. வீட்டுல அதைத் தொடக் கூடாது. தனியா இருக்கும்போது கரண்ட் வேலை பாக்கவே கூடாது.

படிப்புக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி நீங்க எழுதாத ஒண்ணைக் கேக்கணும், உங்க விசா என்ன? பையன் ஹெச்-4ல, அதாவது வேலை விசால இருக்குறவங்க குடும்பத்துக்குக் குடுக்குற விசால இருந்தா, 21 வயசுல அது முடிஞ்சிடும். அதுக்கப்புறம் ஹெச்-1பிங்கிற வேலை விசா வேணும்னா பேச்சிலர் டிகிரி கேக்குற வேலையா இருக்கணும், டெக்னீஷியன் வேலைக்கு அது கெடைக்கிறது கஷ்டம். அப்படி இருந்தா நாலு வருஷம் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிக்கட்டும், பவர் சிஸ்டம்ஸ் பக்கம் போகட்டும், இந்த ஜெனரேட்டர் அனுபவம் அங்க வீணாகவே ஆகாது. கிரீன் கார்டோ சிட்டிசன்ஷிப்போ இருந்தா வழி இன்னும் அகலம். கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷ டீசல் டெக்னாலஜி கோர்ஸ் இருக்கு, ஜெனரேட்டர் டெக்னீஷியன்களுக்குன்னே ஈஜிஎஸ்ஏங்கிற சங்கம் சர்டிஃபிகேட் பரீட்சை நடத்துது. கம்மின்ஸ், கேட்டர்பில்லர் மாதிரி கம்பெனி டீலர்கள் ஆள் எடுத்து டிரெய்னிங்கும் குடுக்குறாங்க. ராணுவத்துலயே 91டின்னு இதுக்குத் தனிப் பிரிவு உண்டு, ஆனா அதுல சேர்றது குடும்பமா உக்காந்து எடுக்க வேண்டிய பெரிய முடிவு, ஜெனரேட்டர் மேல இருக்குற ஆசைக்காக மட்டும் போக வேண்டாம்.

கம்ப்யூட்டர் பக்கம் போகச் சொல்ற அவன் அப்பா, இந்த லைன்ல வேலை இருக்குமான்னு கேக்குறது நியாயம்தான். ஆஸ்பத்திரில கரண்ட் போனா எமர்ஜென்சி லைன் 10 செகண்டுக்குள்ள வந்தாகணும்னு சட்டம். சும்மா நிக்குற ஜெனரேட்டரை மாசம் ஒரு தடவை 30 நிமிஷம், குறைஞ்சது 30 சதவீத லோடுல ஓட்டிப் பாக்கணும்னு அமெரிக்க தீப் பாதுகாப்பு சங்கத்தோட என்எஃப்பிஏ 110 விதி சொல்லுது. லோடே இல்லாம ஓட்டினா எரியாத டீசல் எக்ஸாஸ்ட்ல கருப்பா ஒழுக ஆரம்பிச்சிடும். டேட்டா சென்டர்லயும் இதே கதைதான், அப்பா சொல்ற கம்ப்யூட்டர் எல்லாம் ஓடுறதுக்கே பின்னாடி வரிசையா டீசல் ஜெனரேட்டர் நிக்குது. கஷ்டமும் இருக்கும்மா, புயல் அடிக்குற ராத்திரிலதான் ஃபோன் வரும், கை அழுக்காகும், முதுகு வலிக்கும், அதை அவன்கிட்ட மறைக்காம பேசுங்க.

இப்போதைக்கு ஒரு நோட்டு வாங்கிக் குடுங்க. என்ன கோளாறு, எங்க அளந்தான், என்ன ரீடிங் வந்துச்சு, எதை மாத்தினான், தேதியோட எழுதட்டும். காலேஜ் அப்ளிகேஷனுக்கும் இன்டர்வியூவுக்கும் அது மார்க் ஷீட்டை விட அதிகம் பேசும். மேத்ஸையும் ஃபிசிக்ஸையும் மட்டும் விடக் கூடாதுன்னு கறாரா சொல்லிடுங்க, எந்தப் பக்கம் போனாலும் அது ரெண்டும் வேணும். விசா விவரத்தையும் அந்த நோட்டுல ரெண்டு பக்கத்தை ஃபோட்டோ எடுத்தும் அனுப்புங்க, எந்தெந்த காலேஜுக்கு அப்ளை பண்ணலாம்னு அதைப் பாத்துட்டு சொல்றேன்.