காரைக்குடிப் பக்கம் முட்டி வலி உள்ளவர் நடக்க, ஏரியைச் சுற்றிச் சமதளமான பாதை எங்கே இருக்கிறது?

கேட்டவரின் அப்பா எழுபதைத் தாண்டியவர். கோவையில் உக்கடம் பெரியகுளத்தின் கரையில் தினமும் நடந்து பழகியவர். இப்போது மகளோடு காரைக்குடிக்குக் குடிவந்திருக்கிறார். அதுபோல ஒரு பாதை இங்கே கிடைக்குமா என்கிறார் மகள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இங்கே ஏரி எங்கே என்று கேட்டால் யாராவது ஒரு கண்மாயைக் கை காட்டிவிடுவார்கள். கண்மாயைச் சுற்றி வர முடியாது. அதற்குக் கரை ஒரு பக்கம்தான்; நிலம் சரிகிற பக்கமாகப் பிறை போல வளைத்து மண்ணைக் கொட்டி உயர்த்தியிருப்பார்கள். எதிர்ப்பக்கம் வெட்டவெளி. வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வந்து சேருகிற இடம் அது. ஆகவே கரைமேல் ஒரு கோடியில் ஏறி, மறுகோடியில் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற கலுங்கைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். வழியெல்லாம் கருவேல முள், இருபுறமும் சரிவு. முட்டி வலிக்காரரை அங்கே அழைத்துப் போகாதீர்கள்.

உங்கள் அப்பாவுக்கு ஏற்றது ஊருணி. குடிப்பதற்கென்று வெட்டியது என்பதால் நாலா பக்கமும் கரை கட்டியிருப்பார்கள். பல ஊர்களில் செம்புறாங்கல் சுவரும் படித்துறையும் இன்னும் உறுதியாக நிற்கின்றன. சதுரம் அல்லது நீள்சதுரம். கரை சமமாக இருக்கும்.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. அதனால் ஓட்டிலும் முற்றத்திலும் விழுகிற மழைத் தண்ணீர் தெரு வாய்க்கால் வழியாக ஊருணிக்கு ஓடும்படி, சரிவு பார்த்து ஊரையே அமைத்தார்கள். அப்படியென்றால் வீட்டிலிருந்து ஊருணிக்குப் போவது இறக்கம். போகும்போது அது கண்ணுக்கே தெரியாது. திரும்பும்போது முட்டி சொல்லும். எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) 78 வயது. முதல் வாரம் ஐந்து சுற்று நடந்துவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் யார் வீட்டுத் திண்ணையிலோ உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து மூன்று சுற்றுதான்.

மூன்று என்பது குத்துமதிப்பு அல்ல. வீட்டில் கிடந்த பழைய 28 அங்குல சைக்கிளின் சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, கரையோரமாக உருட்டிக்கொண்டே எண்ணினேன். சக்கரம் ஒருமுறை சுற்றினால் ஏறக்குறைய 2.2 மீட்டர். எங்கள் ஊருணிக்கு 150 சுற்று வந்தது. அதாவது 330 மீட்டர். மூன்று முறை வலம் வந்தால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கைப்பேசி காட்டுகிற காலடிக் கணக்கை நான் நம்புவதில்லை. அப்பச்சி அடியைத் தேய்த்துத் தேய்த்து வைப்பவர். அது பாதியைத்தான் எண்ணுகிறது.

செருப்பு விஷயம். இன்றைக்கும் குடிநீருக்குப் பயன்படுகிற ஊருணி என்றால் கரையில் செருப்போடு போகக் கூடாது. காலை நனைப்பது அதைவிடப் பெரிய தவறு. நான் முதல் நாள் நடைப்பயிற்சிக் காலணியோடு போய் நின்றேன். குடத்தோடு வந்த ஓர் ஆச்சி என்னைத் திட்டவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, நான் கழற்றும்வரை பேசாமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெறுங்கால் ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், குடிநீருக்குப் பயன்படாத ஊருணியாகப் பார்த்துப் போங்கள், அல்லது சுவருக்கு வெளியே ஓடுகிற தெருவில் நடங்கள்.

வலமாகவே நடக்கச் சொல்லுங்கள். எங்கள் கரை மூலையில் அரசமரத்தடியில் பிள்ளையார் இருக்கிறார், எல்லோரும் வலம்தான் வருகிறார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, இடமாக வந்தால் எதிரே வருகிற ஒவ்வொருவரும் நிற்பார்கள். எப்போது வந்தீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். வெளியூரிலிருந்து வருபவர்களை வரவேற்று வழியனுப்பியே பழகிய ஊர்கள் இவை, கேட்காமல் விடமாட்டார்கள்.

காலையில் மரம் உள்ள கிழக்குக் கரையில் நிழல் பாதைமேலேயே விழும். மேற்குக் கரை வெயிலில் காயும். மாலையில் நேர்மாறு. பங்குனி, சித்திரையில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊருணி நிரம்புகிறபோது பார்க்க அழகுதான், ஆனால் படித்துறைப் பக்கம் பாசி பிடித்திருக்கும். அப்பாவைப் படியில் இறங்க விடாதீர்கள்.

எந்த ஊர் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஆச்சிகள் கோபித்துக்கொள்வார்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஊருணி எதுவோ அதிலிருந்தே தொடங்குங்கள். பிள்ளையார்பட்டிக் கோயில் குளம் காரைக்குடியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். சதுர்த்தி, விடுமுறை நாட்களில் கார்களுக்கு நடுவே நடக்க வேண்டியிருக்கும். வைரவன்பட்டி அதைவிட அமைதி. பேவர் பிளாக் பதித்து, உடற்பயிற்சிக் கருவி வைத்து, அலங்கார விளக்குப் போட்ட ஓர் ஊருணிக்கும் அப்பச்சியை ஒருநாள் அழைத்துப் போனேன். கல் பெயர்ந்து நின்ற இடத்தில் கட்டைவிரல் இடித்துக்கொண்டார். அந்த விளக்கு வெளிச்சத்தைவிட எங்கள் செம்மண் கரையே தேவலை.

மழை நாளில் கானாடுகாத்தான் தெருக்களையும் யோசிக்கலாம். பெரிய வீடுகள் ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை என்று நீளமாகக் கிடக்கின்றன. தெருக்கள் நேர்க்கோடு. ஒரே ஒரு வீட்டைச் சுற்றி வந்தாலே அது ஒரு நடைதான். கால் ஓய்ந்தால் திண்ணை இருக்கிறது.

கடைசியாக, சுற்றை எண்ணுகிற வழி. அப்பச்சி படிக்கட்டின் மேல் விளிம்பில் மூன்று புளியங்கொட்டை வைத்துக்கொள்வார், ஒரு சுற்று முடிந்ததும் ஒன்றை மடியில் போடுவார். போன வாரம் மூன்றாவது கொட்டையை ஒரு அணில் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கணக்குத் தப்பிவிட்டது என்று சொல்லி இன்னொரு சுற்று நடந்தார்.