வெளிவராத படைப்புகளுக்கு ஒரே விண்ணப்பத்தில் பதிப்புரிமை: கேள்வி பதில்

அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், வெளிவராத படைப்புகளைக் குழுவாகப் பதிவு செய்வதற்கென்று 2019 மார்ச் 15 முதல் தனி விண்ணப்பம் ஒன்றை நடைமுறையில் வைத்திருக்கிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, இத்தகைய விண்ணப்பங்களை நிரப்பிப் பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன்.

கேள்வி (டல்லாஸ்): ஐயா, என்னிடம் 23 சிறுகதைகள் இருக்கின்றன. ஒன்றுகூட அச்சேறவில்லை. அனைத்தையும் ஒரே விண்ணப்பத்தில் பதிய இயலுமா?

பதில்: இயலாது. ஒரு விண்ணப்பத்தில் குறைந்தது 2, அதிகபட்சம் 10 படைப்புகளைத்தான் சேர்க்கலாம். எண்ணிக்கை வரம்பில்லாத பழைய முறை 2019இல் கைவிடப்பட்டது. அதை நினைத்துக்கொண்டு "எத்தனை வேண்டுமானாலும் போடலாம்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நம்ப வேண்டாம். ஒரு குழுவுக்குக் கட்டணம் 85 டாலர். உங்கள் கதைகளுக்கு மூன்று விண்ணப்பங்கள், ஆக 255 டாலர். தனித்தனியாகப் பதிந்தால், மிகக் குறைந்த கட்டணமான 45 டாலர் வீதம் கணக்கிட்டாலும் 1,035 டாலர் ஆகிவிடும்.

மொத்தத்தையும் ஒரு தொகுப்பு நூலாகக் கருதி 65 டாலரில் பதிந்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். தேர்விலும் வரிசையிலும் படைப்புத்திறன் இருந்தால் அதற்கு இடமுண்டு. ஆனால் தொகுப்பின் பகுதிகள் அனைத்தும் சேர்ந்து ஒரே படைப்பு என்றுதான், படைப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று தரும் இழப்பீட்டுக்குச் சட்டம் கணக்கிடுகிறது. அதற்கு விலக்கு உண்டா என்பதில் நீதிமன்றங்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. குழுப் பதிவிலோ ஒவ்வொரு கதையும் தனிப் படைப்பாகவே பதிவாகிறது. என்னைக் கேட்டால், மிச்சமாகும் தொகைக்காக அந்த நிலையை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி (நியூ ஜெர்சி): ஒரு கதையைத் தமிழ்ச் சங்க விழாவில் வாசித்தேன். இன்னொன்றை வாட்ஸ்அப்பில் சில நண்பர்களுக்கு அனுப்பினேன். மற்றொன்று என் வலைப்பூவில் இருக்கிறது. இவை வெளிவராதவையா?

பதில்: இந்த விண்ணப்பத்தின் உயிர்நாடியே இக்கேள்விதான். படைப்பின் பிரதிகளை விற்பனை, வாடகை, இரவல் போன்ற வழிகளில் பொதுமக்களிடம் விநியோகிப்பதையே அமெரிக்கச் சட்டம் வெளியீடு என்கிறது. மேடையில் வாசிப்பது மட்டும் வெளியீடாகாது. கருத்துக் கேட்பதற்காகக் குறிப்பிட்ட சில நண்பர்களுக்கு அனுப்புவதும், பரிசீலனைக்காக ஓர் இதழாசிரியருக்கு அனுப்புவதும் பொதுவாக அப்படியே. அதே விழாவில் கதையை அச்சிட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்திருந்தாலோ, சங்கத்தின் ஆண்டு மலரில் அது இடம்பெற்றிருந்தாலோ, அது வெளிவந்த படைப்பு. இந்தக் குழுவில் சேராது.

வலைப்பூவில் இருப்பதுதான் சிக்கல். இணையத்தில் இட்டதாலேயே ஒரு படைப்பு வெளியானதாக அலுவலகம் கொள்வதில்லை. வாசகர் அதைப் பதிவிறக்கவோ படியெடுக்கவோ நீங்கள் அனுமதித்தீர்களா என்பதைப் பொறுத்தது அது. முடிவை நல்லெண்ணத்துடன் எடுக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. ஐயமுள்ள கதையைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவதே என் பழக்கம். வலைப்பூப் பதிவுகளுக்கென்று வேறொரு குழு விண்ணப்பம் உண்டு: முதன்முதலில் இணையத்தில், மூன்று மாத காலத்துக்குள் வெளியான, தலா 50 முதல் 17,500 சொற்கள் வரையுள்ள 50 எழுத்துப் படைப்புகள் வரை 65 டாலரில் பதியலாம்.

இதில் அசட்டையாக இருந்தால் என்னவாகும் என்பதற்கு யூனிகலர்ஸ் நிறுவனம் எச் அண்ட் எம் என்ற ஆடை நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கைப் பார்க்கலாம். யூனிகலர்ஸ் 2011இல் 31 துணி வடிவமைப்புகளை, அனைத்தும் ஒன்றாக வெளியானவை என்று கூறி ஒரே விண்ணப்பத்தில் பதிந்தது. அவற்றில் சில, குறிப்பிட்ட வாடிக்கையாளர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. எனவே அவை மற்றவற்றோடு ஒன்றாக வெளியாகவில்லை, பதிவே செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. சட்டத்தை அறியாமல் செய்த பிழையும் மன்னிக்கத்தக்கதே என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சாதகமாக வந்தது உண்மைதான். ஆனால் விண்ணப்பத்தின் ஒரு கட்டத்தை நிரப்பிய விதத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை போகும் வசதி நம்மில் யாருக்கு இருக்கிறது?

கேள்வி (ஃப்ரீமான்ட்): ஏழு பாடல்களுக்கு நான் இசையமைத்திருக்கிறேன். ஐந்துக்கு வரிகள் என் கணவருடையவை. நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து உருவாக்கியவை. மற்ற இரண்டில் வரிகளும் என்னுடையவை. ஒரே குழுவாகப் பதியலாமா?

பதில்: கூடாது, அம்மா. குழுவிலுள்ள எல்லாப் படைப்புகளுக்கும் படைப்பாளர் ஒருவராகவோ, அதே கூட்டுப் படைப்பாளர்களாகவோ இருக்க வேண்டும். உரிமை கோருவோரும் அவர்களாகவே இருக்க வேண்டும். ஐந்தை ஒரு விண்ணப்பத்திலும் இரண்டை மற்றொன்றிலும் போடுங்கள். பாடல்களை ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தால், ஒலிப்பதிவுக்கான குழு விண்ணப்பத்தில் 10 ஒலிப்பதிவுகளையும் அவற்றில் அடங்கிய 10 பாடல்களையும் சேர்த்தே பதிய வழியுண்டு. பாடியவர் வேறொருவர் என்றால் அவரும் ஒலிப்பதிவின் படைப்பாளராகி விடுவார். அப்போது இந்தச் சலுகை பொருந்தாது.

கேள்வி (அட்லாண்டா): பத்துக் கவிதைகளையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக ஏற்றலாமா? தலைப்புகளைத் தமிழில் எழுதலாமா?

பதில்: ஒவ்வொரு கவிதைக்கும் தனிக் கோப்பு வேண்டும். "கவிதை இறுதி 2" என்று பெயரிட்டு ஏற்றாமல், விண்ணப்பத்தில் கொடுக்கும் தலைப்பையே கோப்புக்கும் சூட்டுங்கள். தலைப்பை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து எழுத வேண்டும். கவிதை தமிழில் இருப்பதில் தடையில்லை. அஞ்சலில் அனுப்பும் காகிதப் பிரதிகளை இந்த முறையில் ஏற்க மாட்டார்கள். முக்கியமாக, இணையதளத்தில் உள்நுழைந்ததும் கண்ணில் படும் வழக்கமான விண்ணப்பத்தைத் திறந்துவிடாதீர்கள். பிற பதிவு முறைகள் என்ற பகுதிக்குள் போய், வெளிவராத படைப்புகளின் குழு என்பதைத் தேர்ந்தெடுங்கள். கட்டணம் திரும்பக் கிடைக்காது.

கேள்வி (சிகாகோ): எழுதிய கணமே உரிமை வந்துவிடும் என்கிறார்கள். எனக்கு நானே பதிவுத் தபால் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். அது போதாதா?

பதில்: உரிமை எழுதிய கணமே பிறந்துவிடுகிறது என்பது சரி. ஆனால் உங்கள் தபால் உறை பதிவுக்கு ஈடாகாது. அமெரிக்கப் படைப்பாக இருந்தால், அலுவலகம் விண்ணப்பத்தின் மீது முடிவெடுத்த பிறகுதான் வழக்குத் தொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தெளிவாக்கியது. அதைவிடப் பெரிய விஷயம் இழப்பீடு. நட்டத்தை நிரூபிக்காமலே ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரையும், வேண்டுமென்றே திருடியிருந்தால் 1,50,000 டாலர் வரையும் பெறச் சட்டம் இடமளிக்கிறது. வெளிவராத படைப்பைப் பொறுத்தவரை, திருட்டு தொடங்கும் முன்பே பதிவு நடைமுறைக்கு வந்திருந்தால்தான் அதுவும் வழக்கறிஞர் கட்டணமும் கிடைக்கும். எனவே கையெழுத்துப் பிரதியைத் தயாரிப்பாளர்களிடம் கொண்டுபோகும் முன் பதிந்துவிடுங்கள்.

கேள்வி (சென்னை): நான் அமெரிக்காவுக்குப் போனதே இல்லை. எனக்கும் இந்த வாய்ப்பு உண்டா?

பதில்: உண்டு. வெளிவராத படைப்புக்கு, அதை எழுதியவர் எந்நாட்டவரானாலும் அமெரிக்கச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. உங்கள் வாசகர்களும் பதிப்பாளரும் இந்தியாவில்தான் என்றால், இந்தியப் பதிவையே முதலில் பாருங்கள். அங்கே ஒவ்வொரு படைப்புக்கும் தனி விண்ணப்பம், இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய்.

கேள்வி (பாஸ்டன்): கதைகள் பின்னர் நூலாக வந்தால் மீண்டும் பதிய வேண்டுமா? என் முகவரி எல்லோருக்கும் தெரியுமா?

பதில்: அதே வடிவில் வந்தால் தேவையில்லை. கணிசமாகத் திருத்தியிருந்தால், புதிதாகச் சேர்ந்த பகுதிக்கு மட்டும் பதியலாம். முகவரியைப் பொறுத்தவரை, விண்ணப்பத்தில் கொடுப்பது பொது ஆவணமாகிவிடும். வீட்டு முகவரிக்குப் பதில் அஞ்சல் பெட்டி எண்ணைக் கொடுங்கள்.