கோப்புக்கு ஒரு விசைப்பலகை: உரைத்திருத்திகளில் தமிழ் உள்ளீடு குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஈமாக்ஸ் என்னும் உரைத்திருத்தியில் பைத்தான் நிரலையும் தமிழ்க் கட்டுரையையும் மாறி மாறித் திருத்துகிறேன். கணினியின் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றினால், சேமிக்கும் குறுக்குவிசைகூட வேலை செய்வதில்லையே?

பதில்: கணினியை ஆங்கில விசைப்பலகையிலேயே விட்டுவிட்டு, ஈமாக்ஸுக்குள் இருக்கும் உள்ளீட்டு முறையைப் பயன்படுத்துங்கள். இயங்குதளத்தின் தமிழ் விசைப்பலகை, தட்டிய விசையை ஈமாக்ஸ் காணுமுன்பே தமிழ் எழுத்தாக்கிவிடுவதால், கண்ட்ரோலுடன் எக்ஸைத் தட்டினாலும் பெரும்பாலும் அங்கே எக்ஸ் போய்ச் சேர்வதில்லை. ஈமாக்ஸின் உள்ளீட்டு முறையோ உரையை உள்ளிடும்போது மட்டுமே குறுக்கிடுகிறது, கட்டளைகளைத் தொடுவதில்லை. அத்துடன் அது ஒவ்வொரு பஃபருக்கும், அதாவது திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும், தனித்தனியானது என்பதால், கட்டுரையில் தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகை முறை இயங்கிக்கொண்டிருக்க, பக்கத்துப் பைத்தான் கோப்பு ஆங்கிலத்திலேயே இருக்கும். கண்ட்ரோலையும் பின்சாய்கோட்டையும் (\) சேர்த்துத் தட்டினால் முறை மாறி மாறி இயங்கும், அணையும்.

கேள்வி: கோப்பைத் திறந்தவுடனேயே தமிழ்99 தானாக வர என்ன செய்ய வேண்டும்?

பதில்: கோப்பின் முதல் வரியில், -*- என்னும் இரு குறிகளுக்கு நடுவே 'இவால்' (eval) என்று எழுதி முக்காற்புள்ளி இடுங்கள், அதன்பின் அடைப்புக்குறிக்குள் 'செட்-இன்புட்-மெத்தட்' (set-input-method) கட்டளையையும் இரட்டை மேற்கோளுக்குள் முறையின் பெயரையும் கொடுங்கள். இவை அனைத்தையும் ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். அடுத்த முறை திறந்து 'க' விசையை இருமுறை தட்டிப் பாருங்கள்; 'க்க' என்று புள்ளி தானாக விழுந்தால் தமிழ்99 வந்துவிட்டது.

இங்கே பலரும் சறுக்குவது 'டிஃபால்ட்-இன்புட்-மெத்தட்' (default-input-method) என்னும் அமைப்பு மாறியில். நானும் சறுக்கியிருக்கிறேன். பின்சாய்கோட்டு விசை முதன்முறை எந்த முறையைக் கொண்டுவர வேண்டும் என்பதை மட்டுமே அந்த மாறி சொல்கிறது, முறையை இயக்கிவிடுவதில்லை.

கேள்வி: அந்த 'இவால்' வரியை எழுதியதும், கோப்பைத் திறக்கும்போதெல்லாம் 'இது பாதுகாப்பற்றதாக இருக்கலாம்' என்று கேட்கிறது. அந்தக் கேள்வியையே ஒழித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். 'இவால்' வரியில் எந்த நிரலையும் எழுதலாம் என்பதால், கேள்வியை மொத்தமாக நிறுத்தினால் யாரோ அனுப்பிய கோப்பும் உங்கள் கணினியில் தன் விருப்பப்படி நடந்துகொள்ளும். கேட்கும்போது ஆச்சரியக்குறியைத் தட்டுங்கள். அந்த ஒரு வரியை மட்டும் நம்பத்தக்கதென்று ஈமாக்ஸ் நினைவில் வைத்துக்கொள்ளும்.

கேள்வி: ஒரு கோப்புறையில் நாற்பது அத்தியாயங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எழுத வேண்டுமா?

பதில்: தேவையில்லை. கோப்புறைக்கான அமைப்புக் கோப்பு ஒன்றில், உரைப் பாங்குக்கு (சாதாரண உரைக் கோப்புகளுக்கான பாங்கு) என்று அதே 'இவால்' கட்டளையை ஒருமுறை எழுதினால் போதும்.

கேள்வி: நான் விம் என்னும் உரைத்திருத்தியைப் பயன்படுத்துபவன். எனக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. விம்மில் எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்லும் 'கீமேப்' (keymap) என்னும் அமைப்பும் பஃபருக்குரியதே. கோப்பின் முதல் அல்லது கடைசி ஐந்து வரிகளுக்குள் மோட்லைனாக, அதாவது திறக்கும்போது விம் படிக்கும் அமைப்பு வரியாக, அதை எழுதிவிடலாம். உள்ளிடும் பாங்கில் தமிழ் வரும். கட்டளைப் பாங்கு ஆங்கிலத்திலேயே நிற்கும். ஆனால் விம்முடன் வரும் தமிழ்க் கீமேப் பழைய டிஸ்கி (TSCII) என்னும் தமிழ்க் குறியாக்கத்துக்கானது. யூனிகோடுக்கு நீங்களே ஒன்று எழுதிக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் தட்டும் விசை, வலப்பக்கம் விழ வேண்டிய எழுத்து என்று வரிசையாக எழுதுவதுதான் வேலை. ஒரு மாலையில் முடித்துவிடலாம். டெபியன் லினக்ஸில் மோட்லைன் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். கீமேப்பைக் குறை சொல்லுமுன் அதைச் சரிபாருங்கள்.