டீசல் தொட்டியை அகற்றிய பிறகும் நிலம் மாசுப் பதிவேட்டில் இருந்தால்

தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தையார் நடத்திய பஸ் கம்பெனியின் பழைய வளாகத்தில் நிலத்துக்கடியில் இருந்த டீசல் தொட்டியைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். ஆயினும் அந்த மனை மாசடைந்த நிலம் என்று தேசியப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. இதை மறுக்க முடியுமா என்று கேட்கிறார்.

முடியும். ஆனால் தொட்டி இப்போது இல்லை என்பது தனியே ஒரு வாதமாகாது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டுக் கழிவுச் சட்டத்தில் மாசடைந்த நிலம் பற்றிய பகுதி 2014 மே 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே நேர்ந்த மாசுக்கும், வேறு நிலத்திலிருந்து கசிந்து வந்த மாசுக்கும் அது பொருந்தும் என்று 35ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆகவே அப்பா காலத்து விஷயம் என்று சொல்வதாலும் பயனில்லை. மண்ணிலும் நிலத்தடி நீரிலும் என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

நிலம் மாசடைந்தது என்று அதிகாரி முடிவெடுத்தபோதே தவறு நேர்ந்ததா, அன்று சரியாக இருந்து பின்னர் மண் சீரமைக்கப்பட்டதா என்பதை முதலில் தீர்மானியுங்கள். பின்னது என்றால், சீரமைப்பு அறிக்கையை இணைத்து, பதிவேட்டில் நிலத்தின் நிலையை மாற்றக் கோரினால் போதும். முன்னது என்றால் சுற்றுச்சூழல் அமைச்சரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 20 நாட்களே அவகாசம். அது கடந்திருந்தால், தாமதத்தைப் பொறுக்கும்படி காரணத்துடன் எழுத்தில் கேளுங்கள். முடிவுக்கான காரணங்களை எழுத்தில் தரும்படி, 2000ஆம் ஆண்டு நிர்வாக நீதிச் சட்டத்தின்படி, 90 நாட்களுக்குள் கேட்கலாம். இதை உடனே செய்வதே நல்லது.

வழக்கின் உயிர் மண் ஆய்வு அறிக்கையில்தான் இருக்கிறது. மாசடைந்த மண்ணுக்கான 2014ஆம் ஆண்டுத் தரநிலைகள் ஒவ்வொரு மாசுப் பொருளுக்கும் நிலப் பயன்பாட்டுக்கு ஏற்ப வெவ்வேறு வரம்பை வைத்திருக்கின்றன. ஈயத்துக்கு, ஒரு கிலோ மண்ணில், குடியிருப்பு நிலத்தில் 230 மில்லிகிராம், வணிக நிலத்தில் 1,900 மில்லிகிராம். நீர்வளத்தைக் காக்கும் வரம்போ வெறும் 20. எந்த வரம்போடு உங்கள் மண்ணை ஒப்பிட்டார்கள், அது உங்கள் இடத்துக்குப் பொருந்துமா என்று பாருங்கள். வரம்பைத் தாண்டினாலும் கதை முடிந்துவிடாது. அந்த இடத்துக்கே உரிய ஆபத்து மதிப்பீட்டைச் செய்து காட்டலாம்.

அடுத்து, மாதிரிகள் எங்கே எடுக்கப்பட்டன? குழியின் அடித்தளத்தோடு பக்கச் சுவர்கள், குழாய் போன வழி, எண்ணெய் நிரப்பிய இடம் ஆகியவற்றிலும் எடுத்திருக்க வேண்டும். பெட்ரோலில் உள்ள பென்சீன் என்ற நச்சுப் பொருள் டீசலில் மிகக் குறைவு. டீசல் மட்டுமே வைத்திருந்த வளாகத்தில் பென்சீன் கணிசமாகத் தென்பட்டால், மேட்டுப் பக்கத்தில் பெட்ரோல் பங்க் ஏதும் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். நிலத்தடி நீர் வரும் பக்கத்திலும் போகும் பக்கத்திலும் கண்காணிப்புக் கிணறு போட்டால் அது வெளிப்படும். இந்தச் சான்று மாசை இல்லாமல் ஆக்காது. ஆனால் சீரமைப்புப் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியில் பெரிதும் உதவும். இதற்குச் சுயேச்சையான, தொழில்முறைப் பதிவு பெற்ற நிலவியலாளரை அமர்த்துங்கள். தொட்டியை எடுத்த ஒப்பந்தக்காரரின் கடிதம் இந்த இடத்தை நிரப்பாது.

இதற்கிடையில் மனையை விற்க நினைத்தால், அது மாசடைந்த நிலம் என்பதை வாங்குபவரிடம் தெரிவிக்காமல் மாற்றிக் கொடுக்க 40ஆம் பிரிவு இடந்தராது. மேல்முறையீடு நிலுவையில் இருப்பதையும் சேர்த்து எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.