மூத்த அணியும் டாக் ரிவர்ஸும்: கேள்வி பதில்

பெங்களூரு அல்சூரில் ஞாயிறுதோறும் நாற்பதைக் கடந்தவர்களுக்குக் கூடைப்பந்துப் பயிற்சி அளிக்கிறேன். போன வாரம் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் 2010 இறுதித் தொடரைப் பற்றிப் பேசப்போய், கேள்விகள் குவிந்துவிட்டன.

சிவாஜிநகர் அன்பர்: சார், பாஸ்டன் செல்டிக்ஸ் லேக்கர்ஸிடம் தோற்றதற்குப் பயிற்சியாளர் டாக் ரிவர்ஸ்தானே காரணம்?

அந்த அணி இறுதி வரை வந்ததே அவரால்தான். முக்கிய ஆட்டக்காரர்களான கார்னெட்டுக்கும் ரே ஆலனுக்கும் 34 வயது, பியர்ஸுக்கு 32. முதல் 28 ஆட்டங்களில் 23 வெற்றி. அடுத்த 54 ஆட்டங்களில் 27தான். கிழட்டு அணி என்று பலரும் கைகழுவினார்கள். அவர் பதறவில்லை. புள்ளிப் பட்டியலில் இரண்டு இடம் கீழே போனாலும் பரவாயில்லை, ஏப்ரலில் பிளேஆஃப் சுற்றுகள் தொடங்கும்போது கால்களில் வலு மிஞ்ச வேண்டும் என்று மூத்தவர்களைக் காத்தார். அதனால்தான் அந்தப் பருவத்தில் அதிக வெற்றி பெற்றிருந்த கிளீவ்லாந்தை 4-2 என வீழ்த்த முடிந்தது.

ஃப்ரேசர் டவுன் அன்பர்: அப்படியானால் அவரிடம் குறையே இல்லையா?

இருக்கிறது, அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் கிளென் டேவிஸ், நேட் ராபின்சன் போன்ற மாற்று ஆட்டக்காரர்களை நம்பிக் களத்தில் விட்டுவைத்தார், வென்றார். ஏழாவது ஆட்டத்தில் அந்தத் துணிவைக் காணோம். ஆறாவது ஆட்டத்தில் முழங்கால் காயம்பட்ட பெர்கின்ஸ் இல்லை. அவர் இடத்தில் 35 வயது ரஷீத் வாலஸ். பியர்ஸும் ஆலனும் 40 நிமிடங்களுக்கு மேல் ஓடினார்கள். 13 புள்ளி முன்னிலை கரைந்து, 83-79 என்று தோல்வி. லேக்கர்ஸ் நட்சத்திரம் கோபி பிரயண்ட் 24 முறை எறிந்து ஆறுதான் விழுந்தது. ஆனால் லேக்கர்ஸ் அணி மொத்தமாகத் தவறவிட்ட பந்துகளில் 23-ஐ அவர்களே மீண்டும் பிடித்துக்கொண்டார்கள். ரீபவுண்டுக்கு எம்ப வேண்டிய கால்கள் தரையை விட்டு எழவில்லை.

கே.ஆர்.புரம் அன்பர்: சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் பயிற்சியாளராக இருந்த போப்போவிச் இதைவிட நன்றாகச் செய்தாரா?

இந்த ஒரு விஷயத்தில், ஆம். 2012 நவம்பரில் தன் முன்னணி ஆட்டக்காரர்கள் டங்கன், பார்க்கர், ஜினோபிலி ஆகியோரை மயாமி ஆட்டத்துக்கு முன்பே ஓய்வுக்காக வீட்டுக்கு அனுப்பினார். அதற்காக என்.பி.ஏ. அணிக்கு 2,50,000 டாலர் அபராதம் விதித்தது. 2014-இல் கோப்பை வென்ற சான் அன்டோனியோ அணியில், லீக் ஆட்டங்களில் ஒருவர்கூடச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை.

அல்சூர் அன்பர்: ஆட்டக்காரர் களைத்துவிட்டார் என்று வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டால் எல்லோரும் 'ஆடுகிறேன் சார்' என்றுதான் சொல்கிறார்கள்.

வாயைக் கேட்காதீர்கள், கையைப் பாருங்கள். விசில் ஊதியதும் குனிந்து கால்சட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றால், அடுத்த இடைவெளியிலேயே மாற்றிவிடுங்கள். போன மாதம் நம் 48 வயது நண்பர் அப்படி நின்றதைப் பார்த்தும் விட்டுவைத்தேன். கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டது. தவறு என்னுடையது.

ஜீவன்பீமா நகர் சகோதரி: என் கணவருக்கு 46 வயது, மூட்டு வலி. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லட்டுமா?

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள் அம்மா. அவர் அனுமதித்தால் அனுப்புங்கள். சிமெண்ட் தரை என்பதால் பாதி நேரம்தான் ஆட விடுவேன். பத்து நிமிடம் முன்னதாக வரச் சொல்லுங்கள். உடல் சூடேறாமல் பந்தைத் தொட விடமாட்டேன்.