காயிலை எப்போது மாற்றுவது? மதுரை பை-பாஸ் ரோடு ஒர்க்‌ஷாப்பிலிருந்து பதில்கள்

ஐப்பசி பிறந்து இரண்டு மழை பெய்துவிட்டால் போதும், எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரே புகார்தான் வரும்: “மழையில் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கிறது”, அதாவது என்ஜின் வெட்டி வெட்டி ஓடுகிறது. இருபது வருஷமாக விலை உயர்ந்த கார்களில் கை வைக்கிறேன். இக்னிஷன் காயில் பற்றி வந்த கேள்விகளுக்கு, தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

அண்ணே, என்னுடையது 997 மாடல் போர்ஷே 911, 58,000 கிலோமீட்டர். வெயிலில் ஒரு குறையும் இல்லை. போன வாரம் மழையோடு தெப்பக்குளம் பக்கம் போனபோது வண்டி குலுங்கி, செக் என்ஜின் லைட் வந்தது. மறுநாள் தானாகச் சரியாகிவிட்டது. காயில்தானா? (அண்ணா நகர்)

பெரும்பாலும் காயில்தான் தம்பி. பேட்டரியின் 12 வோல்ட்டை வாங்கி இருபதாயிரம், நாற்பதாயிரம் வோல்ட் என்று ஏற்றி, தீப்பொறி விட்டு பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குக்குக் கொடுப்பது அதன் வேலை. அத்தனை வோல்ட்டுக்கு பிளக் இடைவெளியைத் தாண்டுவதைவிடச் சுலபமான வழி கிடைத்தால் அதில்தான் போகும். உங்கள் வண்டியில் என்ஜின் படுத்த ஆறு சிலிண்டர், பக்கத்துக்கு மூன்று. மற்ற கார்களைப் போல காயில் மேலே சொகுசாக உட்கார்ந்திருக்காது. பக்கவாட்டில், எக்ஸாஸ்ட் குழாய்ச் சூட்டுக்கு அருகில், ரோட்டுத் தண்ணீர் தெறிக்கிற இடத்தில் இருக்கும். வருஷக்கணக்கில் வெந்து வெந்து அதன் பிளாஸ்டிக் உடம்பில் மயிரிழை போல விரிசல் விடும். காய்ந்திருக்கும் வரை சமாளிக்கும். ஈரம் புகுந்ததும் தீப்பொறி பிளக்குக்குப் போகாமல் விரிசல் வழியாக என்ஜின் உடம்பில் இறங்கிவிடும். ‘மறுநாள் சரியாகிவிட்டது’ என்கிறீர்களே, அதுதான் முக்கியமான தடயம்.

லைட் அணைந்திருந்தாலும் என்ன கோளாறு என்று சொல்லும் கோட் எண் பெரும்பாலும் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். பி0301 முதல் பி0306 வரை ஏதாவது இருந்தால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். 911-ல் இடது பக்கம் 1, 2, 3. வலது பக்கம் 4, 5, 6.

ஒன்று போனால் ஆறையும் மாற்றச் சொல்கிறார்கள். பணம் பிடுங்கும் வேலையா சார்? (டி.வி.எஸ். நகர்)

வண்டியைப் பொறுத்தது. பிஎம்டபிள்யூவின் நேர் வரிசை ஆறு சிலிண்டர் என்ஜினில் பானெட்டைத் திறந்து மேல் மூடியைக் கழற்றினால் காயில் கைக்கு வந்துவிடும், பத்து நிமிஷ வேலை. அங்கே போன ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இன்னொன்று போனால் அப்போது பார்த்துக்கொள்ளலாம், வண்டியில் ஒரு உதிரிக் காயில் கிடக்கட்டும்.

911-ல் கணக்கே வேறு. லிப்ட்டில் ஏற்றி, பின் சக்கரம் கழற்றி, சில மாடலில் எக்ஸாஸ்டையும் நகர்த்தி, அப்புறம்தான் காயிலைத் தொட முடியும். டர்போ என்றால் பின் பம்பரே இறங்கும். கூலிதான் பெரிய செலவு. ஒன்று விரிசல் விட்டிருந்தால் மற்ற ஐந்தும் அதே வயது, அதே சூடு தின்றவை. அங்கே நான் ஆறையும் மாற்றத்தான் சொல்வேன், கூடவே ஆறு பிளக்கையும். பிளக் தேய்ந்து இடைவெளி கூடினால் காயில் இன்னும் அதிக வோல்ட் தள்ள வேண்டியிருக்கும். பழைய பிளக்கில் புதுக் காயிலைப் போடுவது, புது மாட்டைப் பழைய பாரவண்டியில் பூட்டுகிற கதைதான்.

எதுவும் போகவில்லை. வண்டிக்குப் பத்து வயது, 19,000 கிலோமீட்டர்தான். முன்கூட்டியே மாற்றலாமா? (கே.கே. நகர், டாக்டர்)

சும்மா மாற்ற வேண்டாம் டாக்டரம்மா. காயிலுக்குப் பொதுவாக ‘இத்தனை கிலோமீட்டரில் மாற்று’ என்ற கெடு கிடையாது, பிளக்குக்குத்தான் உண்டு. பல போர்ஷே மாடல்களில் பிளக்குக்கு நான்கு வருஷம் என்று வருஷக் கணக்கும் இருக்கிறது. ஓடவில்லை என்பதற்காக அதைத் தள்ளிப்போடாதீர்கள். பிளக் மாற்றும்போது காயில்கள் எப்படியும் கைக்கு வரும். துடைத்து, நல்ல டார்ச் அடித்து, விரிசல் இருக்கிறதா, பிளக்கோடு சேரும் ரப்பர் உறை (பூட்) இறுகி வெடித்திருக்கிறதா, வெள்ளையாகவோ கருப்பாகவோ தீக்கோடு ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் இருந்தாலும் செட்டாக மாற்றலாம். சுத்தமாக இருந்தால் அதையே திரும்ப மாட்டுங்கள்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், ஆறும் சரியாகக் காட்டுகிறது. (மேலூர்)

விரிசலை மீட்டர் காட்டாது. இந்தக் காலத்துக் காயில் பலவற்றில் உள்ளேயே எலக்ட்ரானிக்ஸ் இருப்பதால் ஓம்ஸ் (மின்தடை) பார்த்தும் பெரிதாக ஒன்றும் தெரியாது. இடம் மாற்றிப் பாருங்கள். கோட் பி0303 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 3-ஆம் சிலிண்டர் காயிலை 5-ல் போட்டு, பதிவான கோட் எண்ணை அழித்துவிட்டு ஓட்டுங்கள். பி0303 போய் பி0305 வந்தால் காயில். கோட் 3-லேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், வயர் என்று தேடுங்கள்.

ஐட்லிங்கில் பூ மாதிரி இருக்கிறது. வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் ஏற்றத்தில் அழுத்தினால் மட்டும் வெட்டுகிறது. டர்போ வண்டி. (பழங்காநத்தம்)

டர்போ காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும்போது தீப்பொறி தாண்டுவது கஷ்டம், அதிக வோல்ட் வேண்டும். அதனால் தளர்ந்த காயிலும் தேய்ந்த பிளக்கும் முதலில் ஏற்றத்தில்தான் மாட்டும். பிளக்கிலிருந்து ஆரம்பியுங்கள், செலவு குறைவு.

செக் என்ஜின் லைட் மினுக்குகிறது. வீடு வரை ஓட்டலாமா?

நிலையாக எரிந்தால் மெதுவாக ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வரலாம். மினுக்கினால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்தால் உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பாகமே உருகும். அந்தப் பில்லோடு பார்த்தால் காயில் விலை ஒன்றுமே இல்லை.

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் ஆடி ஆர்8-ன் சிவப்புக் காயில் போட்டால் பிக்கப் கூடுமா?

கூடாது. நல்ல காயில் இருக்கிற இடத்தில் இன்னொரு நல்ல காயில், அவ்வளவுதான். பானெட் திறந்தால் அழகாக இருக்கும்.

ஆறு காயிலும் மாற்றியாயிற்று. இன்னும் மிஸ்ஸிங். (திருப்பரங்குன்றம்)

என் மானத்தை வாங்கிய கேள்வி இது. சில வருஷத்துக்கு முன் ஒரு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. நான்காம் சிலிண்டர் கோட். இடம் மாற்றிப் பார்க்கச் சோம்பல்பட்டு, அனுபவத்தை நம்பி ஆறு காயில் வரவழைத்து மாட்டினேன். மிஸ்ஸிங் அப்படியே. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு, கனெக்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி வயரை எலி கடித்திருந்ததைப் பார்த்தேன். அலங்காநல்லூர் பக்கம் ஒரு தோட்டத்து ஷெட்டில் மூன்று மாதம் நின்ற வண்டி அது. நீங்களும் முதலில் காயில் கனெக்டரை உருவி, உள்ளே இருக்கும் உலோகப் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா, வயர் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வண்டிக்கு வயரை ஒட்டி, பழைய காயில்களையே திரும்ப மாட்டிக் கொடுத்தேன். புதுசு ஆறும் ஒரு வருஷம் என் அலமாரியில் தூங்கின.