‘ஒன்றுமில்லை’ என்று வந்த ரிப்போர்ட்டுகள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு 41 வயது. போரூரில் குடியிருக்கிறேன். கிண்டி தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் 12 ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் வேலை. காலை 9 மணிக்கு உள்ளே போனால் வெளியே வர இரவு ஏழரை ஆகும். ஞாயிறு மட்டும் விடுமுறை. மாமியாருக்கு மறதி நோய். பகலில் ஓர் அம்மாள் வந்து பார்த்துக்கொள்கிறார். இரவு என் பொறுப்பு. அதிகாலை நாலரைக்குத் தண்ணீருக்காக எழுந்தாக வேண்டும்.

இந்த ஆண்டு நான்கு முறை மருத்துவமனைக்கு ஓடினேன். மார்ச் 6, ஏப்ரல் 10, மே 19, ஜூலை 6. நான்கும் இரவில்தான். அடிவயிற்றைப் பிசைகிற வலி, நெஞ்சுப் படபடப்பு, உள்ளங்கை நனைந்துபோகும் வியர்வை. இ.சி.ஜி., எக்கோ, ஸ்கேன், கடைசியில் எண்டோஸ்கோபி. எல்லாம் நார்மல். “உங்களுக்கு ஒன்றுமில்லை அம்மா, டென்ஷனைக் குறையுங்கள்” என்றார் டாக்டர். “18,000 ரூபாய் செலவழித்தது ஒன்றுமில்லை என்று கேட்கத்தானா?” என்கிறார் கணவர். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் மனநல மருத்துவரைப் பார்க்கட்டுமா என்று கேட்டபோது, “கீழ்ப்பாக்கம் போகிற அளவுக்கு உனக்கு என்ன வந்துவிட்டது?” என்றார்.

என் கேள்வி ஒன்றுதான். எல்லாம் நார்மல் என்றால், என் வலி பொய்யா?

பி.கு.: ஒரு நாளைக்கு ஐந்து காபி குடிக்கிறேன். அதை விட்டுவிட வேண்டுமா?

ச., போரூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வலி பொய்யல்ல. வேறு எதைச் சொல்வதற்கு முன்பும் இதைச் சொல்லிவிட வேண்டும்.

எண்டோஸ்கோபியில் தெரிவது குடலின் உட்சுவர். புண் இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்று அது காட்டும். தண்ணீருக்காக நாலரைக்கு எழுகிற உங்களுக்கு இது எளிதில் புரியும். குழாயை வெளிச்சம் போட்டுப் பார்த்து ஓட்டை இல்லை என்று சொல்லிவிடலாம். அதில் எந்த நேரத்தில், எவ்வளவு வேகத்தில் தண்ணீர் வருகிறது என்பதைக் குழாயின் சுவரைப் பார்த்துச் சொல்ல முடியுமா? குடலுக்கென்று பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை மூளையோடு இரவு பகலாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பேச்சு தாறுமாறானால் குடல் இறுகும், துடிக்கும், சாதாரண அசைவைக்கூட வலியாக உணரும். சுவரில் ஒரு கீறலும் இருக்காது. ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லுக்கு ‘கிழிசல் ஏதும் இல்லை’ என்பதுதான் பொருள். அது நல்ல செய்தி, ஆனால் முழுச் செய்தி ஆகாது. டாக்டர் இரண்டு நிமிடம் ஒதுக்கி இதைச் சொல்லியிருந்தால் நீங்கள் எனக்கு எழுத வேண்டியே இருந்திருக்காது.

பயம் வந்தால் உடல் செய்யும் வேலை மிகப் பழையது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் சில நொடிகளில் இரத்தத்தில் இறங்குகிறது. சில நிமிடங்களில் கார்டிசால் கூடுகிறது. இதயம் வேகமெடுக்கிறது, கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது, செரிமானத்துக்குப் போய்க்கொண்டிருந்த இரத்தம் கை கால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. ஓடித் தப்பிக்க வேண்டியவருக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. நாற்காலியில் உட்கார்ந்து கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்த ஏற்பாடு முழுவதும் உள்ளேயே சுழல்கிறது. வயிற்றில் புளியைக் கரைத்தது, ஈரக்குலை நடுங்கியது, அடிவயிறு கலங்கியது என்றெல்லாம் நம் பாட்டிமார் சொன்னது வெறும் அலங்காரம் இல்லை. அவர்கள் உடம்பில் நடந்ததைச் சொன்னார்கள்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் ஓஹயோ மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு 1995இல் வெளியானது. மறதி நோய் வந்த உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்கள், அப்படிப்பட்ட பொறுப்பு இல்லாத அதே வயதுடைய 13 பெண்கள். எல்லோருடைய முன்கையிலும் ஒரே அளவில் சிறு காயம் ஏற்படுத்தி, ஆறுவதற்கு எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். பராமரிக்கும் பெண்களுக்குச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. தோலில் ஏற்பட்ட காயத்துக்கு நடிக்கத் தெரியாது, மிகைப்படுத்தத் தெரியாது. உங்கள் கணவருக்கு இந்தப் பத்தியை மட்டுமாவது படித்துக்காட்டுங்கள்.

இப்போது உங்கள் தேதிகளுக்கு வருகிறேன். நானும் பாரிமுனை அருகே ஒரு தனியார் நிறுவனத்தில் 20 ஆண்டுகளுக்கும் மேல் கணக்கு எழுதியவன். அதனால்தான் அந்த நான்கு தேதிகளைப் படித்தவுடன் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 6, 10, 19, 6. டி.டி.எஸ்., அதாவது பிறருக்குப் பணம் கொடுக்கும்போதே பிடித்துவைத்த வருமான வரி, அதைக் கட்டக் கடைசி நாள் 7ஆம் தேதி. மாதாமாதம் தாக்கல் செய்யும் நிறுவனத்துக்கு ஜி.எஸ்.டி. விற்பனை விவரம் 11க்குள், வரிப் படிவம் 20க்குள். நான்கு முறையும் நீங்கள் மருத்துவமனைக்கு ஓடியது கடைசி நாளுக்கு முந்தைய இரவில். உங்கள் வயிறு காலண்டர் பார்த்து வலித்திருக்கிறது, சகோதரி. நீங்கள் கவனிக்காததை உங்கள் உடம்பு கவனித்து வைத்திருக்கிறது.

அந்த இரவுகளில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நான் ஊகிக்கிறேன். ஸ்டோரிலிருந்து பில்கள் கடைசி நேரத்தில் வரும். பாதியில் எண் தப்பாக இருக்கும். ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து போன் வரும். இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் முதலாளி ‘முடிந்ததா?’ என்று கேட்பார். பில்லைச் சீக்கிரம் அனுப்பச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை. தாமதமானால் ஏச்சு மட்டும் உங்களுக்கு. என் அனுபவம் இதுதான். உங்களுடையது வெகுவாக மாறியிருக்காது.

லண்டனில் 1967இல் அரசு ஊழியர்களிடையே ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அங்கே அரசு அலுவலகங்கள் நிறைந்த ஒயிட்ஹால் தெருவின் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். சுமார் 17,500 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பொறுப்பு கூடிய மேலதிகாரிக்குத்தான் மாரடைப்பு வரும் என்பது அந்நாளைய நம்பிக்கை. வந்த முடிவு தலைகீழ். கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம் உச்சியில் இருந்தவர்களைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985இல் மைக்கேல் மார்மோட் தலைமையில் பெண்களையும் சேர்த்து, பத்தாயிரம் பேருக்கு மேல், இரண்டாவது ஆய்வைத் தொடங்கினார்கள். தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் சொல்லுக்கு இடமில்லாதவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்ததை அது காட்டியது.

எனக்கு இது புத்தக அறிவு மட்டுமில்லை. 43 வயதில், அலுவலகத்துக்கு எதிரே நடந்த இரத்ததான முகாமுக்குப் போனேன். இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்த செவிலியர், 160க்கு 100 இருக்கிறது, உங்கள் இரத்தத்தை எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார். ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மாலையானால் பிடரி வலிக்கும். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் வேலையின் தலையில் கட்ட மாட்டேன். ஊறுகாயும் உறக்கக் குறைவும் என் தந்தைக்கு இருந்த நோயும் அதில் பங்கு கொண்டவை. ஆனால் திட்டுவதையே நிர்வாகம் என்று நினைத்த ஒரு மேலாளர் மாற்றலாகிப் போன மாதத்தில் அந்தப் பிடரி வலி நின்றது. மாத்திரை இன்றும் தொடர்கிறது.

அதனால் ‘டென்ஷனைக் குறையுங்கள்’ என்று உங்களிடம் சொல்வது எனக்குக் கோபம் வரவைக்கிறது. டென்ஷன் உங்கள் கையில் இருக்கும் சாமானா, எடுத்துக் கீழே வைக்க? மூச்சுப் பயிற்சி நல்லது, நடை நல்லது, செய்யுங்கள். 10ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு ஸ்டோரிலிருந்து வரும் பில் கட்டை மூச்சுப் பயிற்சி தடுக்காது.

அதைத் தடுக்க ஒரு வழி சொல்கிறேன். அடுத்த இரண்டு மாதம் ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் வலி வந்த நாளும் நேரமும், மற்றதில் பில்கள் உங்கள் மேசைக்கு வந்த நாளும் நேரமும். கணக்கர்கள் நாம், நம் பேச்சைவிட நம் பேரேடு வலுவாகப் பேசும். அதை வைத்துக்கொண்டு முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: முந்தைய மாதத்து பில்கள் 4ஆம் தேதி மாலைக்குள் வந்துவிட வேண்டும், பிறகு வரும் கொள்முதல் பில்கள் அடுத்த மாதக் கணக்கில் போகும். இது சலுகை கேட்பதாகாது, நிறுவனத்துக்கும் லாபம். உங்கள் மனதுக்கும் ஒரு கணக்கு: ஜி.எஸ்.டி. வரிப் படிவம் ஒரு நாள் தாமதமானால் தாமதக் கட்டணம் 50 ரூபாய், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. தாமதிக்கச் சொல்லவில்லை. விற்பனை விவரம் தாமதமானால், வாங்குபவர்கள் நம்மிடம் கொடுத்த வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்வது தடைபடும், எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் உடம்பு அந்த இரவுகளில் உயிருக்கே ஆபத்து என்று நம்புகிறது. ஆபத்தின் உண்மையான அளவை அதற்கு யாராவது சொல்ல வேண்டும்.

நீங்கள் எழுதிய நேரத்தைக் கூட்டினேன். சாப்பாட்டுக்கு ஒரு மணி போக, வாரத்துக்கு 57 மணி நேரம். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் கூடுதல். உங்களுக்கு நாளையே வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. ‘எல்லோரும்தான் உழைக்கிறார்கள்’ என்று சொல்பவர்களுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள். தியாகராய நகர் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களின் கால் வலியையும் ஒரு காலத்தில் ‘எல்லோருக்கும்தான்’ என்றார்கள். 2021இல் தமிழ்நாடு சட்டம் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியது. அந்த வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளச் சொல்லி நிறுத்திவிடவில்லை.

கீழ்ப்பாக்கம் பற்றி. இந்த ஊரில் அந்தப் பெயரைக் கேலியாக்கி எத்தனை பேரை மருத்துவத்திடம் போகவிடாமல் தடுத்திருக்கிறோம் என்று நினைத்தால் மனம் வேகிறது. 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. கண் ஆஸ்பத்திரிக்குப் போவதைப்போல் அங்கும் போகலாம். நீங்கள் அங்கேதான் போக வேண்டும் என்பதுமில்லை, பெரிய அரசு மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. வெளியே போகத் தயக்கமாக இருந்தால் 14416க்கு எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம். ‘டெலி மானஸ்’ என்ற அரசு உதவி எண், தமிழிலேயே பேசலாம். நம் மொழியில் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல்லை வேலைப்பளு தரும் நெருக்கடிக்கும் மனச்சோர்வு நோய்க்கும் சேர்த்துப் புழங்குகிறோம். இரண்டும் வேறு. உங்களுக்கு இருப்பது எது என்பதை மனநல மருத்துவம் படித்த ஒருவர் நேரில் கேட்டுச் சொல்லட்டும். எதிலும் பிடிப்பில்லாமல், உயிர் வாழ்வதே வேண்டாம் என்று ஒரு கணம் தோன்றினாலும் அன்றே அழையுங்கள்.

எல்லாமே மனநெருக்கடிதான் என்று நானும் முடிவு கட்டிவிடக் கூடாது. வயிற்றுப்புண் முக்கியமாகக் கவலையாலும் வாழ்க்கைமுறையாலும் வருவது என்று மருத்துவர்களே நீண்ட காலம் நம்பினார்கள். பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஒரு பாக்டீரியாவைக் காட்டினார்கள், 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் பட்டியலில் தைராய்டும் ஹீமோகுளோபினும் இல்லை. தைராய்டு கூடினாலும் ஹீமோகுளோபின் குறைந்தாலும் படபடப்பு வரும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை, அதாவது ஹீமோகுளோபின் குறைவு, இருந்தது. இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள். மார்பில் இறுக்கம், மூச்சுத்திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி வந்தால், ‘போன தடவையும் நார்மல்தானே’ என்று வீட்டில் உட்கார வேண்டாம். 108ஐ அழையுங்கள்.

உங்கள் கணவரிடம் வாரத்தில் மூன்று இரவு கேளுங்கள். மாமியார் பக்கத்தில் அவர் படுத்துக்கொள்ளட்டும், நீங்கள் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். அவர் கெட்டவர் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நானும் நம்புகிறேன். கேட்காமல் அவருக்குத் தெரியாது.

காபியை அடியோடு விட வேண்டாம். ஐந்தை இரண்டாக்குங்கள், ஒரேயடியாகக் குறைத்தால் தலைவலி வரும், இந்த வாரம் நாளுக்கு நான்கு, அடுத்த வாரம் மூன்று என்று படிப்படியாகக் குறையுங்கள். மதியம் 2 மணிக்கு மேல் குடிக்காதீர்கள். அதில் பாதி இரவு ஏழுக்கும் உடம்பில் நிற்கும்.